பஞ்சு விஷயம்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். நேற்று போனில் நம் முயலைப் பற்றி, "பஞ்சு எப்படி இருக்கு?" என்று நீ கேட்டதும் அம்மா பேச்சை மாற்றினாளே, அதற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொன்னால் லீவு போட்டுக் கிளம்பிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். இப்போது நன்றாக இருக்கிறது, பயப்படாதே.

ஆனிக் கடைசியில் ஒருநாள் காலை, தையல் மெஷினுக்கு அடியில் முதுகைக் குவித்து உட்கார்ந்திருந்தது. கேரட்டைக் காட்டினால் மூக்கைத் திருப்பிக்கொண்டது. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. "வெயிலுக்கு மந்தமா இருக்கும், சாயங்காலம் பார்க்கலாம்" என்றேன். அம்மா கேட்கவில்லை. அட்டைப்பெட்டியில் வைத்து, டாக்டரிடம் காட்டப் பாண்டி பஸ் ஏறிவிட்டோம்.

முயல் அரை நாள் சாப்பிடாமல் கிடந்தாலே ஆபத்தாம். குடல் ஓட்டம் நின்று வாயு கட்டிக்கொள்ளுமாம். வாந்தியெடுக்கவும் அதற்கு வராது. சாயங்காலம் வரை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். கேரட், பொரி, பிஸ்கட், ஒரு விள்ளல் இட்லி என்று அம்மா ஒப்பித்தாள். முந்தின நாள் பண்ருட்டிப் பலாச்சுளை இரண்டு என்று நான் சேர்த்தேன். அம்மாவுக்கே அது அப்போதுதான் தெரியும். அவள் பார்த்த பார்வை இன்னும் ஆறவில்லை.

என் சர்க்கரைக்குச் சொல்லும் பத்தியத்தையே பஞ்சுவுக்கும் சொன்னார் டாக்டர். கேரட்டும் இனிப்புதான், விரல் நுனியளவு எப்போதாவது. மாவுப் பண்டம் அறவே கூடாது. சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்கவேண்டும், நாள் முழுக்க முன்னால் கிடக்கவேண்டும். முயலுக்குப் பல் சாகும்வரை வளருமாம். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். குடலைத் தள்ளுவதும் அந்த நார்தான். நாம் போட்ட வைக்கோலில் சத்தில்லை, படுக்கத்தான் ஆகும். பச்சையாக அறுத்து உலர்த்திய புல் வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூரில் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை கட்டுகிற ஒரு பெண்மணி எனக்கென்று ஒரு கட்டு எடுத்து வைக்கிறாள். கழுவி, ஈரம் போக உதறிப் போடுகிறேன். கூடவே கொத்தமல்லியும் புதினாவும் ஒரு கைப்பிடி. பெல்லட் என்கிற முயல் தீவனக் குருணை இரண்டு மேசைக்கரண்டி, அவ்வளவுதான். முட்டைக்கோஸ் வாயு, அதனால் நிறுத்தியாயிற்று. வெங்காயம் பூண்டு பக்கமே வரக்கூடாது. வாசல் அரளியை வெட்டிவிட்டேன், அது விஷம். புதுக் கீரை எதுவானாலும் ஒவ்வொன்றாக, கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கிறேன்.

கொத்தமல்லிக் காம்பு உள்ளே போவதைப் பார்க்கவேண்டுமே! மெஷினில் நாடா ஓடுகிற மாதிரி, நிற்காமல், நேராக. மீசை மட்டும் ஆடும். கடைசி இலை மறைந்ததும் என் விரலை மோந்து பார்க்கும்.

ஒருநாள் விடியற்காலையில் அது குனிந்து தன் புழுக்கையையே தின்றதைப் பார்த்து அம்மா அலறிவிட்டாள். அது வேறு புழுக்கையாம், மெத்தென்று கொத்தாக இருக்கும். மாடு அசைபோடுகிற மாதிரி, ஒருமுறை செரித்ததை மறுபடி தின்று மிச்சச் சத்தை எடுத்துக்கொள்கிறது. தடுக்கக்கூடாது.

இனி ஐப்பசி மழைதான் கவலை. நம் ஊர் ஈரக்காற்றில் காய்ந்த புல் சீக்கிரம் பூசணம் பிடிக்கிறது. பிளாஸ்டிக்கில் கட்டாமல் பழைய தலையணை உறையில் போட்டுப் பரண்மேல் வைத்திருக்கிறேன். புளித்த வாடை வந்தால் முழுதையும் கொட்டிவிடுவேன்.

பஞ்சுவுக்கென்று நீ அனுப்பிய கலர் கலர் விதைத் தீவனப் பொட்டலத்தை, இந்தப் பத்தியத்தால் திறக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. தீபாவளிக்கு வரும்போது முயலுக்கென்று உலர்த்தி விற்கிற திமோத்திப் புல் பெரிய பையாக ஒன்று வாங்கி வா. பஸ்ஸில் இடமில்லை என்றால் மடியில் வைத்துக்கொள், கனமே இருக்காது.

அன்புடன்,
அப்பா