ஆவணி மாதத்துப் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க மாரியம்மாவை வேண்டுகிறோம்.

நான் வட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய மூன்றுக்கும் நீலக் கோடு விழுந்துவிட்டது என்று தங்கச்சி சொன்னாள். ஓவர்டைம் கூடுதலாக இருக்கும். அதனால்தான் கையால் எழுதுகிறேன். தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்புவாள். வாசிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், தலையாட்டினாள்.

மழை விட்டபாடில்லை. காசல்ரீ நீர்த்தேக்கம் நிரம்பி வான் பாய்கிறது. அம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான். எட்டாம் நம்பர் மலையில் ஏறி இறங்க முடியாமல் போன கிழமை இரண்டு நாள் கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான் போட்டார்கள். வேலையை விடச் சொன்னால் கேட்கிறாளா?

சாவு வீட்டுக்கு உதவுகிற நம் மரணாதாரச் சங்கம் இரண்டாகிவிட்டது. நீ கேள்விப்பட்டிருப்பாய். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

தோட்டத்துக் கீழ்ப்பிரிவு, பணியக்கணக்குப் பொடியன்கள் தனியாக ஒரு மரணாதாரச் சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். செக்ரட்டறி யாரென்று உனக்கே தெரியும், உன்னோடு ஓஎல் எழுதியவன். மாதம் 300 ரூபா சந்தா. வெளிநாட்டில் இருப்பவர்கள் போனிலேயே காசு போடலாமாம். போடுகிறவர்கள் போடட்டும். பேர் பட்டியலை யாரோ கடையில் காட்டினார்கள். நான் கண்ணாடி கொண்டு போகவில்லை.

17 வருஷம் இந்தச் சங்கத்தை நடத்தினேன் தம்பி. லயத்து வரிசை வீட்டுப் படிக்கட்டு உடைந்தாலும் பிரதேச சபை காசு போடாத காலம் அது. சட்டத்தில் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது, 2018இல்தான் திருத்தினார்கள். கல்லும் மண்ணும் நாமே சுமந்தோம். கூடாரம், 60 கதிரை, பெரிய சட்டி, குழி வெட்ட முறைப்படி ஆள், சாவு விழுந்த இரவே வீட்டுக்காரன் கையில் 25,000 ரூபா. மீரியபெத்தையில் 2014இல் மண் சரிந்தபோது நம் சங்கம்தான் லயம் லயமாக அரிசி சேர்த்து லொறியில் ஏற்றியது. நீயும் மூட்டை தூக்கினாய். தொழிற்சங்கத்துச் சந்தாவை செக்ரோலில், சம்பளப் பதிவிலேயே வெட்டிவிடுவார்கள், யாரும் கதவைத் தட்டத் தேவையில்லை. நம் சந்தாவுக்கு வாசல் வாசலாகப் போய் நிற்க வேண்டும். பெரிய கங்காணி காலத்தில் அவர் இருமினால் லயமே அடங்கும் என்று தாத்தா சொல்வார். எனக்கு அந்த இருமல் எல்லாம் இல்லை. சிரித்துப் பேசித்தான் வாங்கினேன்.

கட்டாரில் உங்கள் கேம்பில் மெஸ் சாப்பாட்டுப் பிரச்சினையில் இரண்டு ரூம் ஆட்கள் கைகலக்கப் போனதும், நீ நடுவில் நின்று பேசித் தீர்த்ததும் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. அம்மா தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஒன்று மட்டும் ஞாபகம் வை. கூட்டத்தில் முதலாவதாகப் பேசாதே. தலைவன் முதலில் வாயைத் திறந்தால் பாதிப் பேர் அதையே திருப்பிச் சொல்வார்கள், மீதிப் பேர் வெளியே போய்ப் பேசுவார்கள். கடைசியாகப் பேசு. குடித்திருக்கிறவனிடம் அன்றைக்கே முடிவு கேட்காதே. காசு விஷயத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசாதே, நாலு பேர் முன்னால் பேசு.

போன மாதம் கூட்டத்தில் நான்தான் முதலில் பேசினேன். அது வேறு கதை.

கதிரையும் கூடாரமும் யாருக்கு என்பதில்தான் இப்போது சண்டை. போன வாரம் மேல்கணக்கில் சாவு. பணியக்கணக்கு ஸ்டோரில் பூட்டிக் கிடந்த கதிரையைத் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். சனம் ஈரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தது. தப்படிக்கிறவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். பிறகு அவர்களே மத்தியஸ்த சபைக்கு எழுதிப் போட்டார்கள். 1988இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது, நான் வாசலை மிதித்தது இப்போதுதான். சனிக்கிழமை பள்ளிக்கூட வகுப்பறையில் உட்கார்ந்தோம். நம் பக்கம் ஒருவரைத் தெரிவு செய்யலாம், அவர்கள் பக்கம் ஒருவர், அந்த இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாமவரை எடுப்பார்கள். லோயர் வரக்கூடாது. யார் சரி யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்களாம். இரண்டு பக்கமும் ஒத்துவந்தால் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். இல்லாவிட்டால் தீர்வு இல்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதைக் கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம்.

உன் கூட்டாளி, அந்த செக்ரட்டறி, மரியாதையாகத்தான் பேசினான். ‘மாமா’ என்றுதான் கூப்பிட்டான். கதிரையைப் பற்றி அவன் பேசவே இல்லை. அவன் அப்பாவுக்குச் சங்கம் காசு கொடுக்காததைச் சொன்னான். மூன்று மாதச் சந்தா பாக்கி, 9ஆம் விதி, விதி எல்லோருக்கும் ஒன்று என்று நானும் சொன்னேன். மூன்றாமவர், ஒரு ஓய்வு பெற்ற டீச்சர், என்னைப் பார்த்துக் கேட்டார்: “அந்த விதிப்படி அதற்கு முன்னால் யாருக்காவது இல்லை என்று சொன்னீர்களா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். யோசிக்க ஒன்றும் இல்லை தம்பி. யாருக்கும் சொன்னதில்லை. ஆறு மாதப் பாக்கி வைத்தவனுக்கும் கொடுத்துவிட்டுப் பிறகு கழித்திருக்கிறேன்.

நீ கட்டாருக்குப் போன காசு எங்கிருந்து வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவின் தோட்டை அடகு வைத்தது உனக்குத் தெரியும். அது ஏஜென்சிக்குப் பாதிதான். மிச்சம் 60,000 சங்கத்துக் காசு. அப்போது அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 500 ரூபா, எத்தனை நாள் என்று நீயே போட்டுப் பார். பேங்கில் என் கையெழுத்தும் பெரிய மாமா கையெழுத்தும் வேண்டும். மாமா ஒன்றும் கேட்காமல் போட்டார். புத்தகத்தில் ‘கதிரை வாங்க முற்பணம்’ என்று எழுதினேன். 2018 ஆவணி மாதத்துப் பக்கம். கடைசி வரி.

நீ விமானம் ஏறி 12 நாளில் உன் கூட்டாளியின் அப்பா செத்தார். இரவு 11 மணிக்கு மழையில் அவன் டோர்ச் அடித்துக்கொண்டு வந்தான். பேங்கிலும் பெட்டியிலும் சேர்த்து 4,000 ரூபாகூட இல்லை. காசு இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று கேட்பான். 9ஆம் விதியைச் சொன்னேன். சாமிப் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். அவன் திரும்பிப் போய் நோர்வூட் கடையில் சவப்பெட்டியைக் கடனுக்கு எடுத்தான். அடுத்த நாள் குழிமேட்டில் நான்தான் சங்கத்தின் சார்பில் அனுதாபம் பேசினேன்.

காசைப் பதினொரு மாதத்தில் கட்டி முடித்தேன். நீ அனுப்பியதில் இருந்துதான். வீட்டுக் கூரைக்கு என்று சொன்னேனே, அது. கட்டியதையும் புத்தகத்தில் எழுதவில்லை, எழுதினால் எடுத்தது தெரியும். கதிரை 60 என்றுதான் இன்றைக்கும் இருக்கிறது. அவன் எண்ணியிருக்கிறான். எண்ணாமல் இருப்பானா, கணக்கில் ‘ஏ’ எடுத்தவன்.

அவன் உனக்குச் சொன்னானா, இல்லை நீயாகவே அந்தப் பக்கம் போனாயா என்று தெரியாமல் இந்த ஒரு மாதமாகத் தூக்கமில்லை. பட்டியலில் ஏழாவது பேர் உன்னுடையது. கண்ணாடி கொண்டு போயிருந்தேன்.

உன்னை மறித்து இதை எழுதவில்லை. சந்தாவை அங்கேயே கட்டு. ஆனால் ஒரு சொல் கேட்டிருக்கலாம். அப்பனிடம் கேட்கக் கூடாதென்று யார் சொன்னது?

சனிக்கிழமை புத்தகத்தைக் கொண்டு போகிறேன். அந்தப் பக்கத்தில் ஒரு ஈர்க்குச்சி வைத்திருக்கிறேன். செத்துப்போன மாமாவின் பேரை இழுக்க எனக்கு விருப்பமில்லை. கையெழுத்து இருக்கிறதே, என்ன செய்ய? மாமிக்கு இன்றைக்கு ராத்திரியே போய்ச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தை டீச்சரிடம் கொடுப்பதா, நேரே அவன் கையில் கொடுப்பதா என்று நீ சொன்னால் நல்லது. நீ சொல்லாவிட்டால் அவன் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. கூரைக்குத் தகரம் விலை ஏறிவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருக்கிறாள். தங்கச்சி எப்படியும் வாசிப்பாள். வாசிக்கட்டும்.

அம்மாவின் போனையாவது எடு. வருகிற ஆள் யாரும் இருந்தால் கோடாலித் தைலம் இரண்டு போத்தல் கொடுத்து அனுப்பு, சின்னதே போதும்.

அப்பா