ஃபேன் ஓடியும் பெட்ரோல் நாற்றமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோவை வடவள்ளிப் பக்கம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக நம் கடையைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "என்னங்க இது?" என்று கேட்டுவிட்டீர்கள். கார் ஷெட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்ட பிறகும் பெட்ரோல் நாற்றம் பூஜை அறை வரை வருகிறதாம். அதனால் நாங்கள் செய்தது ஏமாற்று வேலையாம். வேலை சரியில்லை என்றால் கேட்டுக்கொள்வேன். இத்தனை வருடம் ஏணியில் நின்றவனுக்கு அந்த 'ஏமாற்று' என்ற சொல்தான் தொண்டையில் நிற்கிறது.

செய்தியைப் பார்த்த மறுநாளே அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். 10க்கு 20 அடி ஷெட், உயரம் 10 அடி. அதாவது 2,000 கன அடிக் காற்று. மணிக்கு ஆறு முறை அது மாற, நிமிடத்துக்கு 200 கன அடி வெளியேறினால் போதும். நாங்கள் போட்ட ஃபேன் அதற்குத் தாராளம். ஆனால் எதிர்ச்சுவரில் தரையோடு நாங்கள் விட்டிருந்த ஓட்டையில் ஒரு சிமெண்ட் சாக்கைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். கொசு வருகிறதாம். உள்ளே வர வழியில்லாத காற்றை ஃபேன் எப்படி வெளியே தள்ளும்? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையில்தான் படியும். உள்ளே வரும் காற்று அதை அள்ளிக்கொண்டு ஃபேனுக்குப் போகட்டும் என்றுதான் ஓட்டையைக் கீழே போட்டோம். சாக்கை உருவிவிட்டு, செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்து அங்கே பிடித்தேன். உள்பக்கமாகப் படபடத்தது. ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கலாமே என்றார் வீட்டுக்காரர். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ஷெட் ஃபேனை நிறுத்திவிட்டு, சமையலறைச் சிம்னியைப் போடச் சொன்னேன். ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கதவின் அடியில் அதே காகிதத்தை வைத்தேன். சர்ரென்று வீட்டுக்குள் இழுத்துக்கொண்டது. சிம்னி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வீடு எங்கிருந்தாவது காற்றை இழுத்தாக வேண்டும். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்ததால் கிடைத்தது அந்த அரை அங்குல இடுக்கு. சாயங்காலம் கார் வந்து நிற்பதும் அடுப்பில் தாளிப்பதும் ஒரே நேரம். பூஜை அறைக்கு நாற்றம் போன வழி இதுதான். கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டி, தானாகச் சாத்திக்கொள்ள டோர் க்ளோசரும் போட்டுவிட்டு வந்தேன், காசு வாங்கவில்லை.

எங்கள் பக்கம் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஓட்டைக்கு வலை அடிக்காமல் வந்தது நாங்கள்தான். சிம்னி இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. நம்மிடம் வேலை கொடுத்த எல்லா வீட்டுக்கும் வலை இலவசமாக அடித்துத் தருகிறோம். அவ்வப்போது அதைத் துடையுங்கள். தூசி அடைத்துவிட்டால் வலைக்கும் சாக்குக்கும் வித்தியாசமில்லை.

சிலர், ஃபேனை ஏன் கிழக்குச் சுவரில்தான் வைப்பேன் என்று அடம்பிடிக்கிறீர்கள் என்கிறார்கள். வாஸ்து இல்லைங்க. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிறது. மேற்குச் சுவரில் வைத்தால் ஃபேன் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

சும்மா நிற்கும் கார் நாறினால் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எலி கடித்த ஹோஸாக இருக்கலாம், டேங்க் மூடியின் ரப்பராக இருக்கலாம். கசிவுக்கு ஃபேன் மருந்தில்லை. ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு வைக்காதீர்கள், ஃபேன் இருந்தாலும் சரி. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, ஆளையே சாய்த்துவிடும்.

அந்தக் குழுவிலேயே "எங்க வீட்டுல நல்லாத்தான் ஓடுது" என்று எழுதிய அம்மாவுக்குக் கோடி நன்றி. 2020 ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது, "ஃபேன் துடைக்கணும், அப்புறமா வாங்க" என்று சொல்லி முன்பணம் அனுப்பினீர்களே, அந்த வீடுகள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதில் பாதிப் பேர் இன்னும் துடைக்கக் கூப்பிடவே இல்லை.

சுவரில் ஃபேனுக்கு வட்டமாக ஓட்டை போடும் (கோர் கட்டிங்) தம்பி திருப்பூருக்குப் போய்விட்டதால் புது வேலைக்குப் பத்து நாள் பொறுக்க வேண்டியிருக்கும். செம்பு விலையால் ஃபேன் விலை சற்றுக் கூடியிருக்கிறது, நேரில் வந்து பார்க்க 300 ரூபாய். வலைக்கு அது கிடையாது.

கூப்பிடும்போது வீட்டில் சிம்னி இருக்கிறதா என்று மட்டும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கடைக்காரர்