செல்விக்கு, தேதி நோட்டைப் பற்றி

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கால்வலி இப்போது தேவலை.

ராத்திரி 12 மணி வரை தையல் மிஷினில் உட்கார்ந்தும் சொன்ன தேதிக்கு ஜாக்கெட் கொடுக்க முடியவில்லை என்று போனில் வருத்தப்பட்டாய். காலையில் 4 மணிக்கு எழுந்தால் சரியாகுமா என்றும் கேட்டாய். ஆகாது கண்ணு. வாசலில் நிற்கிறவர்கள் "வெள்ளிக்கிழமை வேணும்" என்றதும், அந்த வெள்ளிக்கு ஏற்கெனவே எத்தனை ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்று பார்க்காமல் நீ தலையாட்டிவிடுகிறாய். அங்கேதான் கோளாறு. 4 மணிக்கு எழுந்தால் இன்னும் நான்கு பேருக்குத் தலையாட்டுவாய், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார். ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு அளவு போட்டு வெட்ட 25 நிமிடம், மிஷின் வேலை ஒன்றரை மணி நேரம், கொக்கி, ஹெம்மிங், இஸ்திரி சேர்த்து அரை மணி நேரம். ஆக இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள். குழந்தையை அனுப்பி, சமையலை முடித்து உனக்குக் கிடைப்பது நாளுக்கு 7 மணி நேரம். அதில் 3 ஜாக்கெட்கூட முழுசாக அடங்காது. நீயோ 4, 5 என்று வாங்கி வைக்கிறாய்.

கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கு. நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு 3 வரி. முதல் இரண்டு வரியில்தான் ஆர்டர் எழுத வேண்டும். மூன்றாவது வரியைக் காலியாகவே விடு. பிரித்துத் தைக்க வருவது, ஃபால்ஸ் அடிப்பது, குழந்தைக்குக் காய்ச்சல், நிஜமாகவே அவசரம் என்று வருகிறவர்கள், எல்லாம் அந்த வரிக்குள் போகும். அவசரத்துக்கு என்ன கூலி கூட என்பதைத் துணி வாங்கும்போதே சொல்லிவிடு. பைப்பிங், கழுத்து டிசைன் வைத்த பட்டு ஜாக்கெட் ஒன்றே இரண்டு வரியையும் பிடித்துக்கொள்ளும். நோட்டில் எழுதுவது நீ முடிக்கும் தேதி. துணி கொடுப்பவர்களிடம் வாயால் சொல்வது அதற்கு 2 நாள் பிந்தைய தேதி. சனிக்கிழமைப் பக்கத்தில் புது ஜாக்கெட் எழுதாதே, போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்கும் ஆல்ட்டருக்கும் அந்த நாள் வேண்டும். யார் கேட்டாலும் முதலில் நோட்டைத் திற, பிறகு வாயைத் திற. இடமில்லை என்றால் நீ நம்பும் இன்னொரு டெய்லரைக் கைகாட்டு. தேதி தவறிய இடத்துக்கு மறுபடி துணி கொண்டுவர யாருக்கும் மனசு வராது.

இனி ஒரு நாள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

காலை 9:30க்கு உட்கார்ந்ததும் வெட்டும் வேலை. தையலில் தப்பு வந்தால் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. அதுவும் பட்டுப்புடவையோடு வந்த ஜாக்கெட் துண்டு என்றால் அதே துணி கடையில் கிடைக்காது. அதனால் தலை தெளிவாக இருக்கும் நேரத்தை அதற்குக் கொடு. இன்று வெட்டுவது நாளைக்குத் தைக்க. வெட்டியதை லைனிங், நூல், கொக்கி, அளவுச் சீட்டு எல்லாம் சேர்த்து ஒரே கவரில் போட்டு வை. அரக்குக் கலர் நூல் தீர்ந்துவிட்டது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். பாதி தைத்துவிட்டுக் கடைக்கு ஓடுகிறாயே, அந்த முக்கால் மணி நேரம் மிச்சம். பக்கவாட்டில் ஒன்றரை இஞ்ச் துணி உள்ளே விடுவதை மட்டும் எந்த அவசரத்திலும் குறைக்காதே.

லைனிங்கை நனைப்பது முந்தின நாள் சாயங்கால வேலை. காட்டன் லைனிங் முதல் தண்ணியில் சுருங்கும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் உள்துணி மட்டும் இழுத்துக்கொண்டு, அக்குளிலும் முதுகிலும் மேல்துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அளவு தப்பு என்று உன்னைத்தான் சொல்வார்கள். வெறும் தண்ணியில் ஒரு மணி நேரம் ஊறட்டும். முறுக்கிப் பிழியாதே, நிழலில் காயப்போடு, லேசான ஈரத்தோடு இஸ்திரி போடு. சாயம் போகும் சிவப்பையும் கறுப்பையும் தனித்தனியாக நனை. இதைக் காலையில் ஆரம்பித்தால் துணி காயக் காத்திருந்தே அரை நாள் போய்விடும்.

10:30லிருந்து 1 மணி வரை மிஷின். நூல் கலர் ஒன்றாக இருப்பவற்றைச் சேர்த்து அடுக்கினால் பாபின் மாற்றும் வேலை குறையும். கறுப்பு, கருநீலத் துணிகளைப் பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிடு. பட்டுக்கு 11 நம்பர் ஊசி, காட்டனுக்கு 14. முனை மழுங்கிய ஊசி பட்டில் இழையை இழுத்துவிடும். எண்ணெய் விடுவதை ராத்திரி மூடும்போது வைத்துக்கொள். துணியை நகர்த்தும் பல்லின் மேலும் பாபின் கேஸிலும் சேரும் பஞ்சை பிரஷ்ஷால் தட்டி, எண்ணெய் விட்டு, வேஸ்ட் துணி ஒன்றை ஊசிக்குக் கீழே துணியை அழுத்தும் மிஷின் காலுக்கு அடியில் வைத்து மூடு. காலையில் அந்தத் துணியிலேயே நாலு வரி ஓட்டிப் பார்த்த பிறகுதான் சந்தனக் கலர் பட்டுத் துணியை மிஷினில் வைக்க வேண்டும். பட்டில் எண்ணெய்க் கறை பட்டால் லேசில் போகாது.

அந்த இரண்டரை மணி நேரமும் கதவு சாத்தியிருக்கட்டும், போன் சைலண்டில் கிடக்கட்டும். வாட்ஸ்அப்பை 1 மணிக்கு ஒருமுறை, 4 மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். "வீட்டில்தானே இருக்கே" என்று சிலிண்டர் வாங்கி வைக்கச் சொல்வார்கள், பக்கத்து வீட்டுப் பார்சல் வரும், சொந்தக்காரர் வருவார். உன் மாமியாரிடமும் மாப்பிள்ளையிடமும் கோபமில்லாமல் ஒரு தடவை உட்கார்ந்து பேசு: 1 மணி வரை நான் வீட்டில் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு எதுவானாலும் செய்கிறேன் என்று. இதைச் சொல்லாமல் மனசுக்குள் புழுங்குவதில்தான் வீட்டில் இருந்து தொழில் செய்கிற பெண்களுக்குப் பாதி உடம்பு கெடுகிறது. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நட, இல்லாவிட்டால் பிறகு முதுகு சொன்னபடி கேட்காது.

2 மணியிலிருந்து 4 வரை மிச்சத் தையல். அளவு எடுப்பதும் டெலிவரியும் 5 முதல் 6:30 வரைதான் என்று வாசலில் எழுதி ஒட்டு. யாரும் வராத நேரத்தில் குழந்தை பக்கத்தில் பாடம் எழுதட்டும், நீ கொக்கி வை. 6:30க்கு மேல் மிஷினில் தைக்காதே. தூக்கக் கண்ணோடு தைத்ததைத்தான் மறுநாள் பிரிக்க வேண்டியிருக்கும்.

மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்தப் பக்கத்தில் மிஷின் வேலை எழுதாமல், வெட்டுவதையும் கொக்கியையும் மட்டும் எழுது. ஆடியில் கல்யாண ஜாக்கெட் குறையும். மிஷின் சர்வீஸுக்கு அதுதான் சமயம். ஆனால் தள்ளுபடியில் எடுத்த புடவைகள் ஃபால்ஸுக்கு வரும், ஆவணி முகூர்த்தத் துணியும் அப்போதே வர ஆரம்பிக்கும். தீபாவளிக்கு 10 நாள் முன்பே நோட்டை மூடிவிடு.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். துணி வாங்கும்போதே பாதி அட்வான்ஸ். ஜிபே வரும் கணக்கும் வீட்டுக் கணக்கும் தனித்தனியாக இருக்கட்டும், மாதம் ஒரு தொகையை வீட்டுக்கு மாற்று. உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, ஆன்லைனில் இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் நீயே செய்யலாம், ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதே.

இப்போது தேங்கிக் கிடப்பதை என்ன செய்வது என்பாய். இன்றைக்கே எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுது: பெயர், சொன்ன தேதி, வெட்டியாயிற்றா, விசேஷம் என்றைக்கு. விசேஷம் உள்ளவை முதலில். மற்றவர்களுக்கு அவர்கள் கேட்கும் முன்பே நீ போன் செய்து புதுத் தேதி சொல், அதைத் தவறவிடாதே. அவை முடியும் வரை புது ஆர்டருக்கு ஒரு வரிதான். தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, எதை எந்த நாளில் வைப்பது என்று குறித்து அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போகிறேன். லைனிங்கில் உனக்கு எந்தெந்தக் கலர் எத்தனை மீட்டர் வேண்டும் என்பதையும் அந்தத் தாளின் அடியிலேயே எழுதிவிடு.

அன்புடன்,
அம்மா