ராஜினாமாவில் காரணத்தை எழுது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய ராஜினாமாக் கடிதத்தின் நகலைப் படித்தேன். வேலையை விடுவதில் எனக்கு மறுப்பில்லை; அம்மாதான் இன்னும் சில நாள் முனகுவாள். ஆனால் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

கவிஞர் மாத்யூ ஆர்னால்டு தன் நண்பர் ஆர்தர் ஹ்யூ கிளஃபுக்கு எழுதிய கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். இருவரும் ரக்பி பள்ளி மாணவர்கள், இருவருமே ஆக்ஸ்போர்டில் ஓரியல் கல்லூரியின் ஃபெலோ, அதாவது உதவித்தொகை பெறும் கல்லூரி உறுப்பினர். அந்தப் பதவியில் இருப்பவர் அப்போது இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டியிருந்தது. கிளஃபின் மனச்சாட்சி ஒப்பவில்லை. கல்லூரித் தலைவர் ஹாக்கின்ஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும், 1848-இல் முதலில் பாடம் நடத்தும் பொறுப்பையும், அக்டோபரில் ஃபெலோ பதவியையும் விட்டுவிட்டார். அப்போது கையில் வேறு வேலை இல்லை.

ஆர்னால்டின் கடிதங்களில் குறும்பு உண்டு. பிரான்சில் புரட்சி வெடித்த அந்த ஆண்டில், நண்பரின் குடியரசு மோகத்தைக் கேலி செய்து "குடிமகன் கிளஃப்" என்று விலாசமிட்டார். போகப்போகக் கண்டிப்பு கூடியது. 1853-இல், ஊசலாடுவதிலேயே நீ திருப்தி கண்டுவிடுகிறாய் என்று எழுதினார். அன்புதான், பள்ளி ஆய்வாளர் சம்பளம் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தவரின் அன்பு.

1861-இல் கிளஃப் ஃபிளாரன்சில் இறந்தார். வயது 42. ஆர்னால்டு 1866-இல் 'திர்சிஸ்' என்ற இரங்கற்பாவை வெளியிட்டார். அழகான கவிதை. அதில் கிளஃப், மேய்ச்சல் நிலத்தைத் தானாகவே விட்டுப்போன ஆயன். வெளியே வீசும் புயல் ஓயும்வரை பொறுக்கத் தெரியாதவன். கையொப்பம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்த நிபந்தனையைச் சட்டம் நீக்கியதோ 1871-இல்தான். பொறுத்திருந்தாலும் அவர் ஆயுள் போதாது! இருந்தும் பலருக்கு அவர் அந்தப் பாட்டில் வரும் பொறுமையற்ற ஆயன்தான்.

உன்னையும் அப்படிச் சொல்வார்கள். "அவளுக்கு ஆய்வு ஒத்துவரவில்லை" என்று உன் நெருங்கிய தோழியே பரிவோடு சொல்லக்கூடும். ஆகவே நடந்ததை எழுது: ஆய்வில் பங்கே இல்லாதவரின் பெயரை உன் கட்டுரையில் முதலில் போடச் சொன்னார்கள், நீ மறுத்தாய். கட்டுரையின் தலைப்பு, கேட்ட தேதி, உன் பதில், இவை மட்டும் போதும். வசை வேண்டாம். ஹாக்கின்ஸ் போல யாராவது கூப்பிட்டுப் பேசினால் மரியாதையாகக் கேட்டுக்கொள். வாசகத்தை மட்டும் மாற்றாதே.

கடிதம் பெற்றதற்கான ஒப்புதலை வாங்கி வை. வருங்கால வைப்பு நிதிப் படிவத்தையும் மறந்துவிடாதே. வேறு வேலை அமையும்வரை வாடகையை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா