கழுத்தைக் கொடுத்துக் கிடைக்கும் நட்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தற்காப்புக் கலை என்றாலே நாளிதழ்களில் இரண்டே வகைச் செய்திதான் கண்ணில் படுகிறது. பதக்கத்தோடு நிற்கும் பிள்ளைகள், இல்லையென்றால் பெண்களுக்கான ஒருநாள் பயிற்சி முகாம். இரண்டையும் குறை சொல்லவில்லை (ஒரே நாளில் என்ன கற்க முடியும் என்பது வேறு விஷயம்). ஆனால் பதக்க வயதைத் தாண்டிவிட்ட, அடிதடிக்கும் போகாத என்னைப் போன்றவர்கள் வாராவாரம் ஏன் ஜூடோ விரிப்பில் போய் விழுந்து எழுகிறோம் என்று யாரும் எழுதுவதில்லை.

ஜூடோவில் முதலில் கற்றுத்தருவது விழுவதைத்தான். தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, தலை தரையில் படாமல், கையால் விரிப்பை ஓங்கி அறைந்தபடி விழ வேண்டும், அந்த அறைதான் விழுந்த வேகத்தை வாங்கிக்கொள்கிறது. பயத்தில் உடம்பை இறுக்கிக்கொள்பவர்தான் சீக்கிரம் விழுவார். தன் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பெண் எல்லார் முன்னாலும் புரட்டிப் போட்டால் எந்த மேலதிகாரிக்கும் வீறாப்பு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்!

அப்புறம், இதைத் தனியாகக் கற்க முடியாது. ஓட்டப்பயிற்சி என்றால் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் போய்வரலாம். இங்கே எதிரில் ஒருவர் தன் உடம்பைக் கொடுத்தாக வேண்டும். கழுத்து நெரிபடும் பிடியில் சிக்கியவர் இரண்டு தட்டு தட்டினால் பிடித்தவர் அந்த நொடியே விட்டுவிட வேண்டும், விடுவார் என்று நம்பித்தான் பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவரிடம் கழுத்தைக் கொடுக்கிறோம். இதற்குப் பிறகு நட்பு வளர அதிக நாள் ஆவதில்லை. யாராவது சில வகுப்புகளுக்கு வராவிட்டால் போன் போட்டு விசாரிக்கிறார்கள்.

ஜூடோவை உருவாக்கி, 1882-இல் ஜப்பானில் அதற்காகக் கோடோகான் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ தொழிலால் ஆசிரியர். ஜூஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையின் ஆபத்தான அடிகளை மோதல் பயிற்சியிலிருந்து விலக்கி, முழு வேகத்தில் மோதிய இருவரும் மறுநாளும் வந்து பயிலும்படி அமைத்தார். தானும் பிறரும் சேர்ந்து வளர வேண்டும் என்பதை ஜூடோவின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகவே வைத்தார். இருந்தும், 1964-இல் ஒலிம்பிக்கில் நுழைந்த ஜூடோவில் பெண்களுக்குப் பதக்கப் போட்டி 1992-இல்தான் வந்தது, அது தனி வருத்தம்.

எல்லாப் பயிற்சிக்கூடமும் இப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். புதியவரைத் தூக்கிப்போட்டு வீரம் காட்டுபவர்களும், பணம் கட்டினால் பெல்ட் தருபவர்களும் உண்டு. சேருவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தட்டியதும் விடுகிறார்களா, கறுப்பு பெல்ட்காரர் புதியவரோடு எப்படிப் பயில்கிறார் என்பதை மட்டும் கவனித்தாலே போதும். கழுத்து, முழங்கால் தொந்தரவு இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பதக்கப் பட்டியலுக்குக் கீழே, நாற்பது வயதுக்கு மேல் புதிதாகச் சேர்பவர்களை எடுத்துக்கொள்ளும் பயிற்சிக்கூடங்களைப் பற்றியும் அவ்வப்போது நாலு வரி போடுங்கள் சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்