எங்கள் முதலுதவிப் பெட்டியில் சில பொருட்கள் ஏன் இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் முதலுதவிப் பெட்டியில் தீக்காயக் களிம்பும் ஸ்பிரிட்டும் பஞ்சும் ஏன் இல்லை என்று உங்களில் பலர் கேட்டு வருகிறீர்கள். அவற்றைத் தெரிந்தேதான் தவிர்த்திருக்கிறோம். அதன் காரணத்தை விளக்குவது எங்கள் கடமை.

சுட்ட இடத்தில் உடனே எதையாவது தடவியாக வேண்டும் என்ற எண்ணம்தான் எங்களை மிகவும் கவலைப்பட வைக்கிறது. நெருப்பிலிருந்து கையை எடுத்த பிறகும் தோலில் தங்கிய வெப்பம் உள்ளே இறங்கி ஆழத்திலுள்ள திசுக்களைச் சேதப்படுத்திக்கொண்டே இருக்கும் என்பதால், முதலில் தேவைப்படுவது மருந்து அல்ல, குழாயிலிருந்து ஓடும் குளிர்ந்த தண்ணீர். அதுவும் 20 நிமிடம். வலி சற்றுக் குறைந்ததுமே கையை எடுத்துவிடுகிறோம், அது போதாது. களிம்பும் வெண்ணெயும் பற்பசையும் அந்த வெப்பம் வெளியேறாமல் தடுக்கின்றன. பின்னர் மருத்துவர் அவற்றைத் துடைத்தெடுக்கும்போது நோயாளி இன்னொரு முறை துன்பப்படுகிறார். பனிக்கட்டியோ இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை மோசமாக்கும். வீக்கம் தொடங்குமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

திறந்த காயத்தில் ஸ்பிரிட் ஊற்றினால் கிருமிகளோடு, காயத்தை ஆற்ற வேண்டிய உயிரணுக்களும் அழிகின்றன. சாதாரண வெட்டுக்காயத்தைச் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவினாலே போதும். பஞ்சின் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்வதால்தான் அதற்குப் பதிலாகக் காஸ் (gauze) எனப்படும் மெல்லிய வலைத்துணியை வைத்திருக்கிறோம்.

பெட்டியே தேவைப்படாத நேரங்களும் உண்டு. மூக்கில் இரத்தம் வடிந்தால் தலையை அண்ணாந்து வைக்கக் கூடாது, இரத்தம் தொண்டைக்குள் இறங்கிவிடும். முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வலிப்பு வந்தவரின் வாயில் கரண்டியோ விரலோ எதையும் நுழைக்காதீர்கள். நாக்கை விழுங்கிவிடுவார் என்பது வீண் அச்சம். பல் உடைவதும் மூச்சு அடைபடுவதும்தான் உண்மையான ஆபத்து. அருகிலுள்ள கடினமான பொருட்களை அகற்றி, தலைக்கடியில் மென்மையாக ஏதேனும் வைத்து, வலிப்பு நின்றதும் அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இந்தக் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, இனி ஒவ்வொரு பெட்டியின் மூடியின் உட்புறத்திலும் ஒட்டித் தருகிறோம். முன்பே வாங்கியவர்கள் கேட்டால் அந்தத் தாளை இலவசமாக அனுப்பி வைப்போம்.

இப்படிக்கு,
நிர்வாகத்தினர்