கூடுதல் வகுப்பறைகள் கட்டித்தர வேண்டி மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: இடநெருக்கடியில் இயங்கும் தொடக்கப் பள்ளிக்கு மூன்று வகுப்பறைகள் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கும் மூன்று ஆசிரியர்களுக்கும் சேர்த்து இரண்டே அறைகள் உள்ளன. ஒரு மூலையில் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது, மறு மூலையில் உயிரெழுத்து எழுதும் பிள்ளை கையை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளே இடமில்லாத பிள்ளைகள் தாழ்வாரத்தில் அமர்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடித்தால் அவர்களும் உள்ளே வந்துவிட, நோட்டை விரித்து எழுதக்கூட இடமிருப்பதில்லை; அன்றைய பாடம் அத்தோடு நின்றுவிடுகிறது. காலை உணவுத் திட்டம் வந்த பின் பிள்ளைகள் நாள் தவறாமல் வருகிறார்கள் என்பது எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. வந்த பிள்ளைகளை உட்கார வைக்கத்தான் வழியில்லை.

இங்கே படிப்பவர்களில் ஒரு பகுதியினர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமைச் சேர்ந்தவர்கள். 1983 கலவரத்திற்குப் பின் வெவ்வேறு காலங்களில் கடல் கடந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளான இவர்கள் போரை நேரில் கண்டதில்லை என்றாலும், அதில் வீடும் நிலமும் இழந்த வறுமை இவர்களையும் விடவில்லை. தகப்பன்மார் பெயின்ட் அடிக்கும் வேலைக்கு வெளியூர் சென்றால் வாரக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. மற்றவர்கள் முந்திரிக்கொட்டை உடைக்கும் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள். 2011 டிசம்பரில் வீசிய தானே புயலில் முந்திரித் தோப்புகள் அடியோடு சாய்ந்தபோது ஏற்பட்ட கடனைப் பல குடும்பங்கள் நெடுநாள் சுமந்தன. கொட்டையின் எண்ணெய் பட்டுத் தோலுரிந்த விரல்களோடு பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வரும் தாய்மார்கள், அந்த வேலை தங்களோடு போகட்டும் என்றே எங்களிடம் சொல்கிறார்கள். நெருக்கடி தாளாமல் பள்ளிக்கு வராது நின்றுவிடும் பிள்ளை அதே வேலைக்குத்தான் போகும் என்பதே எங்கள் அச்சம்.

2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வியை உரிமையாக்கியதுடன், ஓர் ஆசிரியருக்குக் குறைந்தது ஒரு வகுப்பறை இருக்க வேண்டும் என்றும் வரையறுத்துள்ளது. அந்தக் குறைந்த அளவுகூட எங்கள் பள்ளியில் இல்லை.

பள்ளியின் பின்புறம் ஊராட்சிக்குரிய காலியிடம் உள்ளது. ஆகவே, பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழோ தாங்கள் தகுதியெனக் கருதும் வேறு நிதியிலிருந்தோ, அவ்விடத்தில் மூன்று வகுப்பறைகளும், மாணவியருக்குத் தனிக் கழிப்பறையும் கட்ட ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். மழைநீர் தேங்கும் பகுதி என்பதால் தளத்தை உயர்த்திக் கட்டுவது அவசியம். பணி முடியும் வரை ஊராட்சியின் சமுதாயக் கூடத்தில் இரண்டு வகுப்புகளை நடத்திக்கொள்ளவும் அனுமதி தேவை.

வாய்ப்பிருப்பின், மழை பெய்யும் ஒரு பள்ளி நாளில் தாங்கள் நேரில் வந்து பார்வையிட வேண்டுகிறோம்.

இணைப்பு: குழுத் தீர்மானத்தின் நகல், பெற்றோர் கையொப்பங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் மற்றும் உறுப்பினர்கள்